பைலே, தான்சா, ஃபந்தாங்கோ: மெக்சிகோப் பயணக் குறிப்புகள்

புதன்கிழமை, மெக்சிகோ நகரம்

மெக்சிகோவின் நாட்டார் ஆட்டங்களை ஒரே மாலையில் வரிசையாகப் பார்த்துவிட விரும்புகிறவர்களை, புதன்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெயாஸ் ஆர்ட்டெஸ் அரண்மனையில் நடக்கும் ‘பாலே ஃபோல்க்லோரிக்கோ தே மெஹிக்கோ’ குழுவின் நிகழ்ச்சிக்குத்தான் எல்லோரும் அனுப்பிவைக்கிறார்கள். நானும் அங்கிருந்தே தொடங்கினேன். இத்தாலியக் கட்டடக் கலைஞர் அடாமோ போவாரி 1904இல் எழுப்பத் தொடங்கி, புரட்சியின்போது பாதியில் நின்று, ஃபெதெரிக்கோ மரிஸ்கால் கையில் 1934இல் முடிந்த இந்தப் பளிங்கு மாளிகை, பழைய ஏரிப் படுகையின் இளகிய மண்ணில் தன் பாரம் தாங்காமல் அமிழ்ந்துகொண்டே வருகிறது. உள்ளே ஆட்டத்துக்கு முன் திரையே ஒரு காட்சியாக இருந்தது. டிஃபனி நிறுவனம் ஏறக்குறைய 10 லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைக் கோத்துச் செய்த அந்தத் திரையில், தலைநகரின் கிழக்கே நிற்கும் இரட்டை எரிமலைகள் தெரிகின்றன.

இந்தக் குழுவை 1952இல் எட்டே பேருடன் தொடங்கியவர் அமாலியா எர்னாந்தெஸ் (1917–2000). செவ்வியல் பாலேயும் நவீன நடனமும் பயின்ற அவர், ஊர் ஊராகக் கிடைத்த ஆட்டங்களை அந்தப் பயிற்சியின் கண்கொண்டு வெட்டியும் ஒட்டியும் மேடைக்கு ஏற்ற அளவில் தைத்துக் கொடுத்தார். தொலைக்காட்சியில் தொடர்ந்து தோன்றியதில் குழு வளர்ந்தது. 1959இல் சிகாகோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டியின்போது மெக்சிகோவின் சார்பில் ஆடிய குழு, அதே ஆண்டில் இந்த அரண்மனையைத் தன் நிரந்தர மேடையாகப் பெற்றது. 1961இல் பாரிசில் முதற்பரிசும் வாங்கியது. இன்று உலகில் எந்த ஊரிலாவது ‘மெக்சிகோ நடனம்’ என்று சுழலும் வண்ணப் பாவாடைகளைப் பார்த்தால், அவற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் இந்த அம்மையாரின் வீட்டுக்குத்தான் போய்ச் சேருவோம்.

‘சோன்’ எனப்படும் நாட்டார் பாட்டிசையில் மிச்சோஅகான் வகை, ஹாலிஸ்கோவின் மரியாச்சி இசையோடு ஆடும் ஹரபே, த்லகோதல்பான் ஊர்த் திருவிழா, வடக்கே சோனோராவைச் சேர்ந்த யாக்கி மக்களின் மான் ஆட்டம் என்று காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மான் ஆட்டத்தில் மேடை முழுவதும் ஒருவருக்கே. தலைமேல் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் பாடம் செய்த சிறிய மான் தலையைப் பொருத்திக்கொண்டு, இரு கைகளிலும் சுரைக்குடுவைக் கிலுக்கைகளோடு அவர் நின்றார். கால்களில் சுற்றியிருந்தவை ‘தெனாபரி’ எனப்படும் பட்டுப்பூச்சிக் கூடுகள். உள்ளே சிறு கற்களை இட்டு நூலில் கோத்துச் சுற்றுகிறார்கள். அவர் அசையாமல் நின்று காதை மட்டும் திருப்புவதுபோல் தலையைத் திருப்பியபோது, அந்தக் கூடுகள் எழுப்பிய சரசரப்பு கடைசி வரிசைவரை கேட்டது. சில நிமிடங்களில் வேடர்களின் அம்பு பாய, மான் துடித்து விழ, விளக்கு அணைந்தது. யாக்கி ஊர்களில் இதே ஆட்டம் மான் பாடகர்களும் பஸ்கோலா ஆட்டக்காரர்களும் சூழ இரவு முழுவதும் நடப்பது. அங்கே பாட்டுத்தான் முதல், ஆட்டம் அதற்குப் பின்.

ஒரு குறையும் சொல்ல முடியாத நிகழ்ச்சி. ஆயினும் என் மனத்தில் ஒன்று தைத்துக்கொண்டே இருந்தது. எந்த ஊர் ஆட்டமானாலும், இணையோடு ஆடுவதானாலும் தனித்து ஆடுவதானாலும், எல்லா முகங்களும் கடைசியில் எங்களைப் பார்த்தே திரும்பின. மேடை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த ஆட்டங்கள் தத்தம் ஊரில் யாரைப் பார்த்து ஆடப்படுகின்றன என்ற கேள்வியை வைத்துக்கொண்டே மீதிப் பயணத்தைத் தொடர்வதென்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை, மெக்சிகோ நகரம்

கெரேரோ பகுதியில் வியோலேத்தா தெருவில் அமாலியாவின் நடனப் பள்ளி இருக்கிறது. அவருடைய தம்பியும் கட்டடக் கலைஞருமான அகுஸ்தீன் எர்னாந்தெஸ் 1960களில் வடிவமைத்த அந்தக் கட்டடம், பழைய வீடுகளுக்கு நடுவே கோட்டைபோல் எழுந்து நிற்கும் கான்கிரீட். உள்ளே போக அனுமதி கேட்கவில்லை. வாசலில் அடுத்த வகுப்புக்காகக் காத்திருந்த ஒரு மாணவி என் ஆர்வத்தைப் பார்த்துத் தன் காலணியைத் திருப்பிக் காட்டினார். நுனியிலும் குதியிலும் சிறு ஆணிகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அடிக்கப்பட்டு, அந்த இடங்கள் தோலா உலோகமா என்று தெரியாத அளவுக்கு மினுங்கின. ‘சபத்தேயாதோ’ என்ற தாளம் தட்டும் காலடி வேலைக்கு ஒலி கிடைப்பது இந்த ஆணிகளால்தான். தேய்ந்தால் பிடுங்கிவிட்டுப் புதிதாக அடித்துக்கொள்கிறார்கள்.

அவரிடம், தாம் கற்பதை என்ன பெயரால் சொல்வார் என்று கேட்டேன். “ஃபோல்க்லோர் ஆடுகிறேன் என்போம், ஃபோல்க்லோரிக்கோ என்றும் சொல்வோம்” என்றார். பிறகு அவர் தந்த விளக்கம் இந்தப் பயணம் முழுவதற்கும் எனக்குப் பயன்பட்டது. கல்யாணத்திலும் ஊர்க் கொண்டாட்டத்திலும் இணை சேர்ந்து ஆடுவது ‘பைலே’. நேர்ந்துகொண்டு, வேடமோ முகமூடியோ தரித்து, ஊர்ப் புனிதரின் திருநாளில் ஆடுவது ‘தான்சா’. ஹரபே முதல் வகை. நேற்று நான் பார்த்த மான் ஆட்டம் இரண்டாம் வகை. பள்ளியில் இரண்டையும் ஒன்றாகப் பயின்று ஒரே மேடையில் ஆடும்போது ‘பைலே ஃபோல்க்லோரிக்கோ’ அல்லது ‘பாலே ஃபோல்க்லோரிக்கோ’ என்ற பொதுப்பெயருக்குள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்டத்துக்கு ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்றும் அவரே சேர்த்துச் சொன்னார். சொல்லின் பின்பாதி 1846இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு, ஐரோப்பா வழியாக இங்கே வந்து சேர்ந்தது. ஆட்டங்களோ அதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மண்ணில் இருந்தவை.

மேடையில் இந்தச் சேர்க்கை அமாலியாவுக்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1919இல் மெக்சிகோ வந்த ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா, ஓவியர் அடோல்ஃபோ பெஸ்ட் மௌகார்ட் தீட்டிய காட்சிகளின் முன்னால், விரல்நுனிக் காலணியோடு ஹரபே தபதீயோ ஆடிக் காட்டினார். மேட்டுக்குடியினர் அதுவரை கீழானதென்று ஒதுக்கிவைத்த ஓர் ஆட்டம் — அதன் உறவான ‘ஹரபே கத்தூனோ’வை 1802இல் ஸ்பானிய ஆட்சி தடையே செய்திருந்தது — ஐரோப்பிய நடனமணியின் கால் பட்டதும் மதிப்புப் பெற்றுவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1921இல், விடுதலையின் நூற்றாண்டு விழாவுக்காக அதே பெஸ்ட் மௌகார்ட் சபுல்தெபெக் பூங்காவில் ‘மெக்சிகோ இரவு’ நடத்தினார். அந்த ஆண்டில் கல்வி அமைச்சரான ஹோசே வஸ்கோன்செலோஸ் காலத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹரபே பாடமாயிற்று. 1923 முதல் கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட ‘பண்பாட்டுத் தூதுக்குழு’ ஆசிரியர்கள், எழுத்தறிவு கற்பித்துக்கொண்டே ஆங்காங்கே இருந்த ஆட்டங்களையும் குறித்துவந்தார்கள். பத்தாண்டுப் புரட்சியில் சிதறிய நாட்டை ஒன்றாகக் கட்ட அரசு கையில் எடுத்த கயிறுகளில் ஆட்டமும் ஒன்று.

இதே பாவ்லோவாவைத்தான் ருக்மிணி தேவி 1928இல் பம்பாயில் கண்டார். பின்னர் ஒரே கப்பலில் பயணம் செய்தபோது நட்பு வளர்ந்தது. உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள் என்ற அவருடைய தூண்டுதலே, பரதநாட்டியத்தின் முன்வடிவான சதிர் பயில்வதற்கும் 1936இல் கலாக்ஷேத்ரா தோன்றுவதற்கும் இட்டுச்சென்றது. மெக்சிகோவிலும் சென்னையிலும் உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஆட்டத்தின் பக்கம் மறுபடி திரும்பியதில் ஒரே வெளியூர்க்காரிக்குப் பங்கு உண்டு என்பதும், இரண்டு இடங்களிலும் ஆட்டம் மேடையேறும்போது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை என்பதும் வியோலேத்தா தெருவில் நின்றபோது என் நினைவுக்கு வந்தன.

வெள்ளிக்கிழமை, வழியில்

வெராக்ரூஸ் துறைமுகம்வரை சொகுசுப் பேருந்து, அங்கிருந்து அல்வராதோ வழியாகத் த்லகோதல்பானுக்குச் சாதாரணப் பேருந்து. பீடபூமியின் குளிரிலிருந்து வளைகுடாக் கரையின் புழுக்கத்துக்கு இறங்கியதைத் தவிர எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

சனிக்கிழமை, த்லகோதல்பான்

பபலோஅபான் ஆற்றின் கரையில், தூண் வைத்த திண்ணைகளும் நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசிய சுவர்களுமாக இருக்கும் இந்தச் சிறிய ஊரை 1998இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. புதன்கிழமை இரவு மேடையில் பார்த்த ‘த்லகோதல்பான் திருவிழா’வில் பெரிய காகிதக்கூழ்ப் பொம்மைகளும் வெள்ளைச் சரிகை உடைகளும் அலை மோதின. அந்தக் கூட்டம் உண்மையில் இங்கே திரள்வது கந்தேலாரியா அன்னையின் திருநாளான பிப்ரவரி 2ஐ ஒட்டி. இப்போது ஜூலை, ஊர் தூங்கி வழிந்தது. ஆனால் இன்றிரவு ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்கு ஃபந்தாங்கோ உண்டென்று தங்கும் விடுதிக்காரர் சொல்லி, வீட்டுக்காரரிடம் கேட்டு எனக்கும் இடம் வாங்கித் தந்தார்.

ஃபந்தாங்கோ என்பது ஓர் ஆட்டத்தின் பெயர் அன்று. பாட்டும் இசையும் ஆட்டமும் சாப்பாடும் சேர்ந்த கூடல் அது. முற்றத்தின் நடுவில் ‘தரீமா’ என்னும் மரப்பலகை மேடையைப் போட்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழ் உயரம். பக்கவாட்டில் ஒலி வெளியேற வட்டத் துளைகள். அதைச் சுற்றி ஒரே மரத்துண்டில் குடைந்த சிறு கித்தார்களான ஹரானாக்கள், மாட்டுக்கொம்புச் சீவலால் மீட்டும் ரெக்கிந்தோ, அடித்தொனி தரும் லெயோனா, இந்த ஊருக்கே உரிய எண்கோணக் கைப்பறையான பந்தேரோ ஆகியவற்றோடு இசைக்காரர்கள் நின்றார்கள். தரீமாவும் ஒரு வாத்தியம் என்பது முதல் காலடி விழுந்ததுமே தெரிந்தது. மேடையில் ஆட்டத்துக்காக இசை. இங்கே ஆட்டமே இசையின் தாளப் பகுதி.

வழக்கப்படி ‘சிகிசிரீ’ என்ற சோனோடு ஆரம்பித்தார்கள். ‘மொந்தோன்’ வகைச் சோன்களில் பெண்கள் மட்டுமே ஏறுகிறார்கள். ஏறியிருப்பவரின் தோளை அடுத்தவர் மெல்லத் தொட்டால் அவர் இறங்கி இடம் விட வேண்டும். இரட்டைச் சடை போட்ட பள்ளிச் சிறுமி ஒருத்தி, அவளுடைய பாட்டி வயதிருக்கும் அம்மையாரின் தோளைத் தொட்டு ஏறினாள். அந்த அம்மையார் சிரித்தபடி இறங்கி, மூச்சு வாங்க என் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் கூர்ந்து கவனிப்பதைப் பார்த்துவிட்டு, “காலைப் பார்க்காதீர்கள், பாட்டைக் கேளுங்கள்” என்றார். கேட்டபோதுதான் புரிந்தது: பாடகர் ஓர் அடியைப் பாடும்வரை ஆடுகிறவர்களின் கால் பலகையை வருடிக்கொண்டிருக்கிறது; பாட்டு நின்று வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் இடைவெளியில்தான் குதி இறங்கி வெடிக்கிறது. முன்னதை ‘முதான்சேயோ’ என்கிறார்கள். பாடலை மிதித்துவிடக் கூடாது என்பது இந்தக் கூடலின் முதல் மரியாதை. பெயாஸ் ஆர்ட்டெஸில் தொடக்கம் முதல் முடிவுவரை அத்தனை கால்களும் ஒரே வேகத்தில் முழங்கியதை எண்ணிப் பார்த்தேன். அங்கே பாட்டில் ஒரு சொல்லாவது யாருக்காவது கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

வெள்ளைச் சரிகை உடை ஒன்றுகூட இல்லை. பருத்திப் பாவாடை, குதி உயர்ந்த காலணி, அவ்வளவுதான். ‘லா பம்பா’ வந்தபோது, நீள நாடாவைத் தரையில் போட்டு இருவர் கால்களாலேயே முடிச்சிடும் வித்தையை எதிர்பார்த்தேன். யாரும் நாடாவைக் கொண்டுவரவில்லை. அது மேடைக்காரர்கள் செய்வது என்று பக்கத்து அம்மையார் கையை வீசிச் சொல்லிவிட்டார். ஆடியவர்கள் எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எதிரே நிற்கும் இணையையோ, தலையைக் குனிந்து பலகையையோ, அடுத்த அடியைப் பாடப்போகிறவரின் வாயையோதான் பார்த்தார்கள்.

இந்தக் கரையின் ஆட்டங்கள் பழைய காலத்திலும் ஆள்வோரை உறுத்தியிருக்கின்றன. ஹவானா வழியாக வந்த கப்பலோடு வெராக்ரூஸில் இறங்கி, வயிற்றோடு வயிறு உரச ஆடப்பட்டு, பாதிரிமாரைக் கேலி செய்யும் அடிகளோடு பாடப்பட்ட ‘சுசும்பே’யை 1766இல் மதவிசாரணை மன்றம் தடை செய்தது. ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர், ஸ்பானியர், பூர்வகுடிகள் ஆகிய மூவரின் கலப்பில் பிறந்த ‘ஹரோச்சோ’ மக்களின் இசைதான் இங்கே சோன் ஹரோச்சோ. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வானொலிக்கும் திரைப்படத்துக்கும் ஏற்ப அது வேகமெடுத்து, கிராமத்து ஃபந்தாங்கோ மெலிந்துபோயிருந்த நிலையில், 1977இல் தோன்றிய ‘மோனோ பிளாங்கோ’ போன்ற குழுக்கள் கிழவர்களிடம் போய் உட்கார்ந்து பழைய பாணியை மீட்டெடுத்தன. ஆகவே இன்றிரவு நான் பார்த்ததையும் ‘மாறாத தொன்மை’ என்று எழுதிவிட முடியாது. இதுவும் விட்டுப்போனதைப் பிடிவாதமாகத் திரும்பப் பிடித்தவர்களின் வேலைதான்.

நள்ளிரவுக்குப் பிறகும் இசை ஓயவில்லை. வாழை இலையில் வெந்த தமாலெஸ் இரண்டாம் சுற்று வந்தது. நான் தின்றுவிட்டு எழுந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, துக்ஸ்தெபெக் வழியாக வஹாகாவுக்கு

ஆற்றை ஒட்டியே கரும்புக் காட்டின் நடுவே மேலேறினால் வெராக்ரூஸ் மாநிலம் முடிந்து வஹாகா மாநிலத்தின் துக்ஸ்தெபெக் வருகிறது. வரைபடத்தில் மாநில எல்லை இருந்தாலும் ஆறு ஒன்று, புழுக்கம் ஒன்று, இசையும் ஒன்று. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

வஹாகா நகரில் ஜூலையில் நடக்கும் கெலகெட்சா விழாவுக்கு மாநிலத்தின் ஒவ்வொரு வட்டாரமும் தன் ஆட்டத்தை அனுப்பும். துக்ஸ்தெபெக் வட்டாரம் அனுப்பிக்கொண்டிருந்தது, இயல்பாகவே, நேற்று நான் பார்த்த ஹரோச்சோ பாணி ஆட்டம். அது பக்கத்து மாநிலத்துச் சரக்காயிற்றே, இந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளின் அடையாளமாக ஒன்று வேண்டுமே என்று எண்ணிய ஆளுநர் அல்ஃபோன்சோ பெரெஸ் காஸ்கா, 1958இல் புதிதாக ஓர் ஆட்டம் கேட்டார். பவுலீனா சோலீஸ் ஒகாம்போ என்ற ஆசிரியை, சாமுவேல் மொந்ரகோன் இசையமைத்த ‘ஃப்ளோர் தே பிஞ்ஞா’வுக்கு அடவு அமைத்துக் கொடுத்தார். வட்டார ஊர்கள் ஒவ்வொன்றின் நெய்த உயிப்பில் அங்கியையும் உடுத்திய பெண்கள், தோளில் அன்னாசிப்பழம் ஏந்தி, ஆண் துணை இல்லாமல் வரிசையாக ஆடுவது. அன்னாசிப்பழம் ஏன் என்ற கேள்விக்குச் சாலையோரமே பதில் சொன்னது: துக்ஸ்தெபெக்கைச் சுற்றிலும் கொட்டி விற்கிறார்கள்.

துக்ஸ்தெபெக்கிலிருந்து வஹாகா நகருக்குச் சுமார் 220 கிலோமீட்டர் மலைப்பாதை. மழைக்காடு, பைன் காடு, மேகம், பிறகு வறண்ட பள்ளத்தாக்கு என்று ஒரே நாளில் நான்கு தட்பவெப்பம். நாட்டின் முதல் பூர்வகுடிக் குடியரசுத் தலைவரான பெனிட்டோ ஹுவாரெஸ் பிறந்த கெலதாவோ இந்த வழியில்தான் இருக்கிறது, வண்டி நிற்கவில்லை.

திங்கட்கிழமை, ஃபோர்த்தீன் குன்று

கெலகெட்சாவுக்கு ‘குன்றின் திங்கட்கிழமைகள்’ என்றும் பெயர். கார்மேல் அன்னையின் திருநாளான ஜூலை 16க்குப் பின்வரும் இரண்டு திங்கட்கிழமைகளில் நகரின் தலைமேல் இருக்கும் ஃபோர்த்தீன் குன்றில் நடக்கிறது. குன்றில் கூடுவது பழைய வழக்கம். வட்டாரங்கள் அணிவகுத்து ஆடும் இன்றைய வடிவத்துக்கு வித்து, வஹாகா நகரத் தகுதி பெற்ற 400ஆம் ஆண்டைக் கொண்டாட 1932இல் அரசு நடத்திய விழா. சுமார் 11,000 பேர் அமரும் இந்தத் திறந்தவெளி அரங்கு 1974இல் வந்தது. மேடைக்கு அருகிலுள்ள இரண்டு பகுதிகளுக்குக் கட்டணம். மேலே உள்ள இரண்டும் இலவசம், ஆனால் விடியலுக்கு முன்பே வரிசையில் நிற்கவேண்டும். நான் இலவச வரிசையில் நின்றேன்; கிடைத்த இடத்திலிருந்து முகங்கள் தெரியவில்லை, ஆனால் வரிசைகளின் அமைப்பு மேலிருந்து பார்ப்பதற்கென்றே வரைந்ததுபோல் தெரிந்தது.

ஒவ்வொரு குழுவும் ஏறியதும் தன் மொழியில் வணக்கம் சொல்லி, ஆடி முடித்து, ஊரில் விளைந்ததையும் செய்ததையும் மக்களை நோக்கி வீசுகிறது. ரொட்டி, தொப்பி, பழம், கூடை எல்லாம் பறந்தன. கடற்கரைப் பினோத்தெபாவிலிருந்து வந்தவர்கள் ‘சிலேனா’ ஆடினார்கள். சிலி நாட்டு மாலுமிகள் பசிபிக் கரையோரமாகக் கொண்டுவந்து சேர்த்த ஆட்டம் அது. நடுவில் இசையை நிறுத்திவிட்டு ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளும் குறும்புப் பாக்களைச் சொல்ல, அரங்கமே கொல்லென்று சிரித்தது. அதன்பின் ‘ஃப்ளோர் தே பிஞ்ஞா’. முதல் சுரம் கேட்டதும் என்னைச் சுற்றியிருந்த குடும்பங்கள் எழுந்து நின்றுவிட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள், ஒருவர் உடை ஒருவருக்கு இல்லை, ஆனால் கால் தூக்குவதில் ஒரு மயிரிழை பிசகில்லை. வரிசை இரண்டாகப் பிரிந்து, சுழன்று, மறுபடி ஒன்றாக இணைந்தபோது எழுந்த ஆரவாரம் வேறு எந்த ஆட்டத்துக்கும் எழவில்லை.

இந்த விழாவில் ‘நம்பகத்தன்மைக் குழு’ என்று ஒன்று உண்டு. உடை, இசை, அடவு எல்லாம் மரபுப்படி இருக்கின்றனவா என்று ஊர் ஊராகச் சோதித்து, எந்தக் குழு குன்றேறலாம் என்று தீர்மானிப்பது அதன் வேலை. ஓர் ஆசிரியை 1958இல் இயற்றிய ஆட்டத்தை மக்கள் உச்சிமேல் வைத்துக் கொண்டாடும் அதே மேடைக்குள் நுழைய, நூற்றாண்டுப் பழமையுள்ள ஊர்கள் சான்றுக்காகக் காத்திருக்கின்றன. இதில் எனக்குக் கேலி இல்லை. அன்னாசி ஆட்டத்தைத் துக்ஸ்தெபெக் பெண்கள் தங்களுடையதாக்கிக்கொண்டு இரண்டு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு உறுத்துவது, அடையாளம் எது என்பதை அரசின் பெயரால் ஒரு குழு முத்திரை குத்துவதுதான். 2006இல் ஆசிரியர் போராட்டத்தை ஒட்டி அரசு விழா ரத்தானபோது, போராட்டக்காரர்கள் கட்டணமில்லாத ‘மக்கள் கெலகெட்சா’வைத் தாங்களே நடத்திக் காட்டியதற்கும் இந்த உறுத்தல் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

நிகழ்ச்சியின் பிற்பகுதியில் ‘இறகு ஆட்டம்’, தான்சா தே லா ப்ளூமா. வட்டத் தட்டுகள்போல் விரிந்த பெரிய இறகுத் தலையணிகளோடு ஆண்கள் துள்ளித் திரும்பி, மண்டியிட்டு எழுந்து, மறுபடி துள்ளினார்கள். பித்தளை வாத்தியக் குழு வாசித்தது மசூர்க்கா. சில நிமிடங்களில் முடிந்து அடுத்த குழு வந்துவிட்டது. மாணவி சொன்ன பைலே, தான்சா என்ற பிரிவின்படி இது தான்சா. யாருக்கு நேர்ந்துகொண்டு ஆடினார்களோ அவர் இந்தக் குன்றில் இல்லை.

செவ்வாய்க்கிழமை, தெயோதித்லான் தெல் வாயே

நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய, சபோதெக் பூர்வகுடியினரின் நெசவு ஊர். கம்பளம் நெய்யும் ஒருவரின் தறிக்கூடத்தில், காய்ந்த கொச்சினில் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கிச் சிவப்புச் சாயம் எடுப்பதை அவர் காட்டிக்கொண்டிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த தலையணியைப் பற்றிக் கேட்டேன். அவருடைய மூத்த மகன் இப்போது ‘தான்சாந்தே’, அதாவது இறகு ஆட்டம் ஆடுகிறவர். கழற்றிக் கையில் கொடுத்தார். நாணல் சட்டத்தின்மேல் சாயம் ஏற்றிய இறகுகள் வட்டம் வட்டமாக அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் சிறு கண்ணாடிச் சில்லுகள். நெற்றியில் பதியும் விளிம்பில் வியர்வை படிந்து கறுத்த துணிப்பட்டை. அகலம் தோளைத் தாண்டியது. காற்று வீசினால் இது பாய்மரம்போல் கழுத்தை இழுக்கும் என்றும், அதைத் தாங்கிக்கொண்டே துள்ளுவதற்குப் பல மாதப் பழக்கம் வேண்டும் என்றும் சொன்னார்.

இங்கே ஆடுகிறவர்கள் ஆலயத்தில் மூன்றாண்டு வாக்குக் கொடுத்துச் சேர்கிறார்கள். அஸ்டெக் பேரரசர் மோக்தெசூமாவாக ஒருவர், அவருடைய தலைவர்கள், ஸ்பானியருக்கு மொழிபெயர்த்த ஒரே பெண்ணின் இரு பெயர்களான மலிஞ்சேயாகவும் தோஞ்ஞா மரீனாவாகவும் இரண்டு சிறுமிகள், எதிர்ப்பக்கம் ஸ்பானியப் படைத்தலைவன் கொர்த்தேசும் அவன் படைவீரர்களும். ஸ்பானியர் வென்ற கதையைத் தோற்றவர்களின் பிள்ளைகள் ஆடிக் காட்டுகிறார்கள். ஜூலைத் தொடக்கத்தில் திருஇரத்தத் திருநாளில், ஆலய முற்றத்தில், வசனங்களோடும் இடையிடையே வரும் இசைத் துண்டுகளோடும் காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நீளும். குன்றில் நான் பார்த்தது அதில் ஒரு நறுக்கு. “முற்றத்தில் நாங்கள் ஆலயத்தைப் பார்த்து நிற்போம், சுற்றுலாக்காரர்களுக்கு முதுகுதான் தெரியும், அதனால் புகைப்படம் சரியாக வருவதில்லை என்று குறைப்படுவார்கள்” என்று நெசவாளர் சொன்னபோது, புதன்கிழமையிலிருந்து நான் சுமந்துவந்த கேள்வியை அவரிடம் கேட்கவே தேவையிருக்கவில்லை.

மூன்றாண்டும் உடை, இசைக்காரர்களுக்கும் உற்றாருக்கும் சாப்பாடு என்று செலவு பெரிது. அதைத் தாங்குவதுதான் உண்மையான கெலகெட்சா: சபோதெக் ஊர்களில் விழாக் காலத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் முறைக்கே அந்தப் பெயர். இன்னார் இத்தனை வான்கோழி, இவ்வளவு மக்காச்சோளம் கொடுத்தார் என்று எழுதிவைத்த நோட்டை அவர் மனைவி எடுத்துக் காட்டினார். பக்கத்தைப் புரட்டியதும் நம் ஊர் மொய் நோட்டுத்தான் கண்முன் வந்தது. வாங்கியதை அதே அளவில் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்ப வேண்டும்; பெற்றோர் காலத்துக் கடனையும் பிள்ளைகள் தீர்க்கிறார்கள். மகன் ஆடுவதற்காக வாங்கியதில் இன்னும் பாதிக்குமேல் பாக்கி இருப்பதாகச் சொன்ன அந்த அம்மையாரின் குரலில் கவலையைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது.

மகன் மாலையில் வந்தார். நேற்றுக் குன்றில் ஆடியது வேறோர் ஊர்க் குழு என்றும், அவர்களுடைய மண்டியிடும் திருப்பம் தங்கள் ஊரில் வேறு மாதிரி என்றும் எழுந்து ஆடியே காட்டினார். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் விடவில்லை, இடதுகால் எப்போது தரையைத் தொடுகிறது பாருங்கள் என்று மூன்றுமுறை ஆடினார். மூன்றாம் முறை தெரிந்தது.

புதன்கிழமை, வஹாகா நகரம்

இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். கெலகெட்சாவின் முதல் திங்கள் ஜூலை 18இல் விழுந்தால், அன்று ஹுவாரெஸ் இறந்த நாள் என்பதால் விழா ஒரு வாரம் தள்ளிப்போகும்; கட்டணச் சீட்டு வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். ஃபந்தாங்கோ வேண்டுமென்றால் பிப்ரவரித் தொடக்கத்தில் த்லகோதல்பானுக்குப் போவது எளிது, ஆனால் விடுதி கிடைப்பது கடினம்; மற்ற மாதங்களில் விசாரித்துப் பார்த்தால் சுற்றுவட்டாரத்தில் எங்காவது ஒன்று நடக்கும். இறகு ஆட்டத்தை முழுமையாகப் பார்க்கத் தெயோதித்லானுக்கு ஜூலையின் முதல் வாரத்திலோ, கன்னிமரி பிறந்தநாளான செப்டம்பர் 8ஐ ஒட்டியோ போகவேண்டும். முற்றத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது, நிழலும் அதிகம் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துச்செல்லுங்கள், புகைப்படம் எடுக்கும் முன் கேளுங்கள்.